தம்பி வண்டி முந்தக் கூடாது

வாழ்நாளில் ஒருமுறைகூட ஸ்டியரிங்கைத் தொடாமல், உலகத்து ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகளுக்கெல்லாம் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த ஒரே மனிதர் எங்கள் ஆரணியில்தான் இருந்தார். அந்தக் கம்பெனிகளுக்கு இந்த விஷயம் தெரியாமல் போனது ஒன்றுதான் குறை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில்லை. ஊர் முழுக்க அவர் 'ரேஞ்சு'தான். பட்டுப்புடவைக் கடையில் போய் உட்கார்ந்தால் "எந்த ரேஞ்சுல பாக்கறீங்க?" என்று கேட்பார்கள் அல்லவா? மற்ற கடைக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுப் புடவையைப் பிரிப்பார்கள். இவர் அந்தக் கேள்வியையே ஒரு மதமாக்கிக்கொண்டு அதற்கு ஒரே பூசாரியாகவும் இருந்தார்.

பட்டப்படிப்பை முடித்துவிட்டு, எழுதிப் பிழைக்கலாம் என்பது தெரியாமல் திரிந்த காலத்தில் நான் ரேஞ்சு வீட்டுப் பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தேன். அண்ணன் தம்பி இருவர் நடத்திய கடை. அண்ணனை எல்லோரும் பெரியவர் என்போம். அவர் கல்லாவில் உட்கார்ந்து அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி ரேஞ்சு. புது டிசைன் யோசித்து, தறிக்காரர்களிடம் கொடுத்து நெய்து வாங்குவதும், எந்தப் புடவை எந்த அலமாரியில் எந்தத் தட்டில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர் வேலை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்கு எங்கிருந்தோ வெளிநாட்டு கார் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். கடைக்காரர் அவற்றை எடைக்கு வாங்கி ரேஞ்சுக்கு எடுத்து வைப்பார். பிற்பாடு போனில் வீடியோ வந்ததும் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. அவர் ஓட்டியது ஒரு கிழட்டு மொபெட். பேச்செல்லாம் பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும் என்பது பற்றி.

அவருக்குப் பிடித்த கம்பெனி ஒன்று உண்டு. அதில் மூத்த வண்டிக்கு எஞ்சின் பின்னால் இருக்குமாம். அது தலைமுறை தலைமுறையாக அதே உருவத்தில் வருகிற வண்டியாம். பிற்பாடு எஞ்சினை நடுவில் வைத்து, விலை குறைவாக, சின்னதாக ஒரு வண்டி விட்டார்களாம்.

"அந்தத் தம்பி வண்டி கீதே, அது நெனச்சா அண்ணன முந்திடும்பா. எட கம்மி, வளைவுல அப்பிடியே ஒட்டிகினு போவும். ஆனா கம்பெனி வுடாது. எஞ்சின்ல கொஞ்சம் தம் கொறச்சிதான் வெளிய வுடுவான். மூத்த வண்டி வாங்கினவன் ரோட்ல தல குனியக் கூடாதுல்ல?" என்பார். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும். எங்களுக்கு அது டீ குடிக்கும் நேரம் என்று அர்த்தம்.

"புது மாடல் பண்றது பெரிய விஷயமே இல்ல. அத எங்க உக்கார வெக்கறதுன்றதுதான் விஷயம்" என்று முடிப்பார்.

இதையெல்லாம் கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. பெரணமல்லூரிலிருந்து பெண்ணுக்குப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மாவிடம் முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கப்போய், பின்பக்க எஞ்சினில் ஆரம்பித்து டயர் அகலம் வரை வந்துவிட்டார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் சரிங்க, சாயம் போவுமா போவாதா, அத்த சொல்லுங்க" என்றார்.

பக்கத்தில் நாங்கள் சாப்பிடுகிற மெஸ் ஒன்று. அதன் முதலாளி புதிதாக மினி சாப்பாடு போட்டார். ரேஞ்சு ஒரு நாள் அதைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமலே போய் அவரிடம், "மினியில அப்பளம் வெச்சிகீறீங்களே, அப்பறம் எவன் ஃபுல் சாப்பாடு வாங்குவான்? கீழ இருக்கற மாடல் மேல இருக்கறத தின்னுடும்ங்க" என்று எச்சரித்தார். முதலாளி நடுங்கிப்போய் மறுநாளே அப்பளத்தை எடுத்துவிட்டார். அன்று மதியம் மினி சாப்பாட்டுக்காரர்கள் மெஸ்ஸில் எழுப்பிய சத்தம் கோட்டை மைதானம் வரை கேட்டது. அந்த வாரம் முழுக்க ரேஞ்சு வீட்டிலிருந்துதான் டப்பா கொண்டுவந்தார்.

எனக்குப் பெண் பார்த்தபோது பெண்ணின் அப்பா கடைக்கே விசாரிக்க வந்தார். வந்தவர் ரேஞ்சிடமா கேட்க வேண்டும்? இவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பையன் அடிமட்ட மாடல்தாங்க. ஆனா நல்ல பாடி. வசதியெல்லாம் பின்னால ஏத்திக்கலாம்" என்றார். என் மாமனார் இன்றுவரை ஏற்றிக்கொண்டே இருக்கிறார், நான்தான் இன்னும் நடு மாடலுக்கே வந்து சேரவில்லை.

ஒரே ஒரு முறை நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் தெருவுக்கு வந்தது. படவேடு கோயிலுக்குப் போகிற யாரோ சென்னைக்காரர், வழி தவறி வந்துவிட்டார். சிவப்பு வண்டி, தரையோடு தரையாக. எங்கள் வேகத்தடை அதைத் தாண்ட விடவில்லை. அரிசி மில்லிலிருந்து பலகை கொண்டுவந்து போட்டு ஊரே கூடி நின்று ஏற்றிக்கொண்டிருந்தது. ரேஞ்சு பாதி பிரித்த புடவையைக் கஸ்டமர் மடியில் போட்டுவிட்டு ஓடினார். எல்லோரும் முன்பக்கம் நின்று வாய் பிளக்க, இவர் மட்டும் பின்னால் போய்க் குனிந்து ஏதோ எழுத்தைப் படித்தார். பிறகு ஜன்னல் பக்கம் வந்து, "ரெண்டாவது மாடல் எடுத்துகீறீங்க சார். ரொம்ப நல்ல முடிவு. டாப் மாடல் நம்ம ரோட்டுக்கு வேஸ்ட்" என்று மனதாரப் பாராட்டினார்.

உள்ளே உட்கார்ந்திருந்த அம்மா கணவர் பக்கம் மெல்லத் திரும்பி, "இதுதான் டாப்புன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அந்தக் கார் படவேடு போய்ச் சேர்ந்ததா என்று எங்களுக்குத் தெரியாது.

சிரித்துக்கொண்டே இதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் அந்த மனிதர் பேசியது கார் இல்லை என்பது எனக்கு ஒரு தை மாதத்தில்தான் புரிந்தது.

எங்கள் கடையின் மூத்த வண்டி ஒரு புடவை. அப்பா போன பிறகு, வயசுப் பையனாக இருந்த பெரியவர் தானே தறியில் இறங்கி முதன்முதலாக நெய்த புடவை அது. கனமான ஜரிகை, அகலப் பார்டர். அதையே திரும்பத் திரும்ப நெய்து விற்றுத்தான் தம்பியைப் படிக்க வைத்தார், கடையும் வைத்தார். கடை வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் அது ஒன்றுதான் தொங்கும். வேறெதையும் அங்கே மாட்ட ரேஞ்சு சம்மதிக்க மாட்டார்.

ஆனால் காலம் மாறிவிட்டது. கல்யாணப் பெண்கள் அதைத் தூக்கிப் பார்த்து, "வெயிட்டா கீதே" என்று கீழே வைத்துவிடுவார்கள். கல்யாண வீட்டார் வேன்கள் எதிர்க் கடை வாசலில் நிற்க ஆரம்பித்தன. ஒரு நாள் பெரியவர், "தைக்குள்ள புதுசா ஒண்ணு வந்தாகணும்டா. இல்லன்னா கடைய மூடிட்டு நாமளும் எதிர்க் கடையில போயி உக்காந்துக்க வேண்டியதுதான்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே பயமாக இருந்தது.

ரேஞ்சு சில மாதம் தறிக்கும் கடைக்குமாக அலைந்தார். ஒரு நாள் என்னை மட்டும் பின்கட்டுக்குக் கூப்பிட்டு ஒரு புடவையைக் கையில் கொடுத்தார். கத்திரிப்பூ நிறம், இலைப் பச்சையில் அகலப் பார்டர். கையில் வாங்கினால் வாங்கியதே தெரியவில்லை, அவ்வளவு லேசு. மடிப்பைப் பிரித்தால் வெளிச்சத்தில் நிறம் மாறியது.

"ண்ணா, இது வந்தா மூத்தத எவன் கேப்பான்? அத்த மூட்ட கட்டிடலாம்" என்றேன் நான்.

அவர் முகம் சட்டென்று மாறியது. புடவையை வாங்கி மடித்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து இன்னொன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதே நிறம்தான். ஆனால் பார்டர் பாதியாகி இருந்தது, முந்தானையில் இருந்த வேலையெல்லாம் போய்விட்டது. சாப்பாடு போடாமல் வளர்த்த பிள்ளை மாதிரி இருந்தது.

"தம் கொறச்சிட்டேன். இது போதும். இது மூத்ததுக்கு ஒரு தட்டு கீழ உக்காரும்" என்றார்.

"அந்த மொதல் பொடவ?"

"அது சாம்பிள். அத்த யாருக்கும் காட்டாத."

யாருக்கும் காட்டவில்லை, சரி. ஆனால் அதை விட்டுப் பிரியவும் அவரால் முடியவில்லை. தான் சாய்ந்து உட்காரும் திண்டுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு, கஸ்டமர் இல்லாத நேரத்தில் கையை உள்ளே விட்டுத் தடவிக்கொள்வார்.

தை பிறந்ததும் சந்தவாசலிலிருந்து ஒரு வேன் வந்தது. கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் முகூர்த்தப் புடவையைத்தான் முதலில் எடுப்பார்கள். எடுத்ததும் அதன் ஓரத்தில் மஞ்சள் வைத்துவிடுவார்கள். வைத்த பிறகு அந்தப் புடவையை மாற்றுகிற பேச்சே கிடையாது. பெண்ணின் அத்தை, இதற்கென்றே கைப்பையில் மஞ்சள் கொண்டுவந்திருந்தார். மூத்த புடவையைப் பார்த்தார், வைத்தார். பார்டர் பாதியான புதுப் புடவையைப் பார்த்தார், அதையும் வைத்தார். ரேஞ்சு தண்ணீர் கொண்டுவர எழுந்த நேரத்தில் அத்தை களைத்துப்போய் அவருடைய திண்டில் சாய்ந்தார். அடியில் ஏதோ பச்சையாகத் தெரியவே இழுத்தார்.

ரேஞ்சு செம்போடு திரும்பியபோது அந்த அத்தையின் விரலில் மஞ்சள் இருந்தது. புடவையின் ஓரத்திலும் இருந்தது.

"அம்மா, அது விக்கறதுக்கு இல்லங்க. சாம்பிள்ங்க" என்றார்.

"மஞ்சா வெச்சாச்சுபா. இனிமே அது எங்க பொண்ணு பொடவ. வேற எதுனா இருந்தா சம்பந்திக்குக் காட்டு."

பெரியவர் கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். அவர் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. மெத்தையில் உட்கார்ந்து அந்தப் புடவையை மடியில் பிரித்தார். பிறகு பாதிப் பார்டர் புடவையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் நீ போட்டதா?"

"ஆமாண்ணா."

"இத்தினி நல்லா போட்டுட்டு, அத்த ஏன்டா கெடுத்து எடுத்துகினு வந்த?"

ரேஞ்சு சுவரைப் பார்த்தபடி நின்றார். "மூத்தத முந்திடும்ணா. அது நீ தறியில நேஞ்ச பொடவ. அத்த வித்துதான் நான் படிச்சேன். நான் ஒண்ணு போட்டு அத்த ஓரங்கட்டறதா? அந்தக் கம்பெனியில கூட…" என்று ஆரம்பித்தார்.

இத்தனை வருஷம் கார் பேச்செடுத்தாலே "கம்முனு கெட" என்று வாயை அடைத்த பெரியவர், அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ரெண்டு வண்டியும் ஒரே வூட்டு வண்டிதானேடா?"

"ஆமாண்ணா."

"அப்ப எது முந்தினா இன்னா?"

எழுந்து நேராக வாசலுக்குப் போனார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தான் நெய்த புடவையைத் தன் கையாலேயே இறக்கினார். பில் போட்டு அனுப்பும்வரை தொங்கட்டும் என்று மஞ்சள் வைத்த புடவையை அங்கே மாட்டினார்.

"ரேஞ்சு கெட்டுடும்ணா" என்றார் தம்பி.

"கெடட்டும்டா."

எல்லோர் முன்னாலும் ரேஞ்சு அழுதார். சந்தவாசல் அத்தை விஷயம் புரியாமல், "மஞ்சா வெச்சதுக்கா இப்பிடி அழுவறாரு?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தத் தை முடிவதற்குள் எங்கள் வாசலில் வேன் நிறுத்த இடமில்லாமல் போயிற்று. எல்லோரும் கேட்டது தம்பி புடவையைத்தான். தறியில் அதே மாதிரி மறுபடி நெய்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் அண்ணன் புடவையையும் அதையும் பக்கம் பக்கமாக மாட்டினோம். மறுநாள் காலை நான் கடைக்கு வந்தால், தம்பி புடவை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. எனக்கு முன்னாலேயே வந்து ஷட்டரைத் தூக்கிய ரேஞ்சின் வேலை. சாயங்காலம் கடை சாத்தும்போது பெரியவர் கயிற்றை இழுத்து இரண்டையும் சமமாக்கினார். மறுநாள் காலை மறுபடி ஒரு சாண் கீழே. இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நான் வேலையை விட்டுச் சென்னைக்கு வரும்வரை அந்தப் புடவை காலையில் இறங்கி மாலையில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

போன மழைக்காலத்தில் ரேஞ்சு போய்விட்டார் என்று தாமதமாகத்தான் தெரிந்தது. காரியத்துக்கும் போக முடியவில்லை. இந்த ஆவணியில், என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிற சாக்கில் ஆரணிக்குப் போனேன். பெரியவர் தளர்ந்திருந்தார், ஆனால் கல்லாவில்தான் இருந்தார். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு புடவைகளும் ஒரே உயரத்தில் தொங்கின.

நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "தெனம் காலையில வந்து மொதல்ல அத்ததான் பாக்கறேன். நான் வெச்ச எடத்துலயே கீதுபா" என்றார்.

புடவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கண்ணாடிக் கதவைத் திறந்து, கயிற்றைத் தளர்த்தி, தம்பி புடவையை ஒரு சாண் இறக்கி வைத்தேன். பெரியவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் கடை சாத்தும்போது ஏற்றி வைக்க அவருக்கு அது இருக்கட்டும்.