கினிப்பன்றி உறிஞ்சிய முட்டிவலி

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் சான் லிபோரியோவுக்கு வரும் பேருந்தில் இடம் கிடைக்காது. வருகிறவர்களில் பாதிப்பேர் காலை நீட்டித்தான் உட்கார முடியும். ஊன்றுகோலும் கட்டுமாகப் பாலத்தருகே இறங்கி, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு நொண்டி ஊர்வலமாகப் போவார்கள். அங்கே ஒரு பலகை: "தைத்தா ஒலிம்பியோ. கிழிந்த ஜவ்வு ஒட்டப்படும். கத்தி இல்லை. காத்திருப்பு இல்லை."

அந்தப் பலகையின் கீழே மூன்று மணி நேரம் காத்திருப்பார்கள்.

சோட்டா பள்ளத்தாக்கில் எங்கள் மண்ணுக்கு விளையத் தெரிந்தவை கரும்பு, துவரை, பந்தாட்டக்காரர்கள். பந்தாட்டக்காரர் இருக்கும் இடத்தில் முட்டி உடையும். முட்டி உடையும் இடத்துக்கு ஒலிம்பியோக்கள் வருவார்கள். எங்களுக்கு வந்தவர் துறைமுகப் பக்கத்துக்காரர். பேருந்துகளில் ஏறிப் பல்பொடி விற்றவர் என்று கேள்வி. காட்டில் பத்து வருடம் தவமிருந்து 'தைத்தா', அதாவது வைத்தியப் பெரியவர், ஆனதாக அவர் சொல்லிக்கொண்டார். தலையில் கிளியிறகு. எந்தக் கிளி அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வைத்தியம் இதுதான். நோயாளி மேடைமேல் உட்காருவார். தைத்தா ஒரு கினிப்பன்றியை எடுத்துக் கறுப்புத் துணியில் சுற்றி, முட்டிமேல் பரபரவென்று தேய்ப்பார். அது கத்தும் சத்தத்தை வைத்து அதற்கு எங்கள் ஊரில் குய் என்று பெயர். ஐந்து நிமிடத்தில் குய் தன் கடைசிக் 'குய்'யைச் சொல்லிவிடும். உடனே சிறு கத்தியால் அதன் காலைக் கீறிக் காட்டுவார்: ஜவ்வு அறுந்து தொங்கும்.

"பாத்தீங்களா? உங்க கிழிசல் இதுக்குள்ள போயிருச்சு. கோலைத் தூக்கிப் போடு, நட!"

நடப்பார்கள். இருநூறு பேர் கைதட்டும்போது யார்தான் நடக்கமாட்டார்கள்? மறுநாள் வீட்டில் வீங்கிய முட்டிக்கு யாரும் கைதட்டியதில்லை.

நோயை உறிஞ்சிய குய்கள் என்ன ஆகும் என்கிறீர்களா? பக்கத்திலேயே தைத்தாவின் கொழுந்தியாள் ஓர் உணவுக்கடை வைத்திருந்தாள். சுட்ட குய், அவித்த உருளைக்கிழங்கு, கடலைச் சாறு. முட்டி நோயை இறக்கிவிட்டு வந்தவர்கள் அடுத்தவர் முட்டி நோயை ருசித்துச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன், மறைப்பானேன்? என் வலது முட்டியையும் ஒருமுறை தேய்த்துக்கொண்டேன்.

இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்ததற்கு ஒரு சாட்சி உண்டு. எங்கள் பெண்கள் அணியின் முன்கள ஆட்டக்காரி யாதிரா மிந்தா. ஐந்து மாதத்துக்கு முன் ஆட்டத்தில் திரும்பியபோது அவள் முட்டிக்குள் 'டொப்' என்றது. இபார்ரா நகரத்தில் அறுவை சிகிச்சை. தொடைக்குப் பின்னாலிருந்து நரம்புபோல ஒரு துண்டை எடுத்து, எலும்பில் துளைபோட்டு, புது ஜவ்வாக மாட்டினார்கள். பிறகு வந்ததுதான் நிஜமான ஆட்டம். தொடையை இறுக்கு, பத்து எண்ணு, விடு. குதிகாலை இழு, மடக்கு, அழு. ஒரு வாரம் பாடுபட்டால் முட்டி இன்னும் நாலு விரற்கடை மடங்கும். இப்போதுதான் மெதுவாக ஓடத் தொடங்கியிருந்தாள்.

அவள் ஓடுவதை ஊர் பார்த்தது. தைத்தாவும் பார்த்தார்.

"அந்தப் பொண்ணா? அவ அத்தை ரகசியமா அவ காலுறையைக் கொண்டுவந்தா. காலுறைக்குத்தான் வைத்தியம் பண்ணேன். கால் குணமாச்சு!"

இதைக் கேட்ட யாதிராவுக்கு முட்டியைவிட மனசு அதிகம் எரிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மைரா விஷயம் வந்து சேர்ந்தது.

மைரா காராபலி எங்கள் அணியின் கோல்காப்பாளர், பத்தொன்பது வயது. அவளுக்கும் அதே ஜவ்வு அறுந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் காத்துக் காத்து வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கியிருந்தாள். போன வெள்ளியன்று அவள் அம்மா எர்லிந்தா அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். அடுத்த வார ஞாயிறு இறுதி ஆட்டத்திலேயே இறங்கலாம் என்று தைத்தா உத்தரவு கொடுத்துவிட்டார்.

யாதிரா ஓடிப்போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"எர்லிந்தாக்கா, தேதியை விட்றாதீங்க. விட்டா இன்னும் எட்டு மாசம் ஆகும்."

"நீ சும்மா இரு. உன் கால் தைத்தாவால நல்லாச்சு, எம்பொண்ணுக்கு ஆஸ்பத்திரியா? அவங்க எலும்புல ஓட்டை போடுவாங்களாம்!"

"எனக்கும் போட்டாங்கக்கா."

"அதான் இவ்ளோ பேசுற."

மைரா தரையைப் பார்த்துக்கொண்டு, "வலி குறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்றாள். 'மாதிரி' என்ற சொல் எத்தனை பேர் முட்டியைத் தின்றிருக்கிறதோ!

திங்கட்கிழமை இபார்ராவில் பயிற்சிக்குப் போனபோது, யாதிரா இதையெல்லாம் பிசியோதெரபிக்காரர் ரோமுலோ பாயெஸிடம் கொட்டினாள். ரோமுலோ அமைதியான மனுஷர். கேட்டுவிட்டுத் தன் இடது தொடையில் விரலால் தட்டினார். டக், டக்.

"நாளைக்குச் செவ்வாய்தானே? நானும் வர்றேன். எனக்கும் இந்த முட்டியில ஜவ்வு சரியில்லைன்னு சொல்லுவோம்."

யாதிரா ஐந்து மாதத்தில் முதல்முறையாகப் பயிற்சி மேசையில் வாய்விட்டுச் சிரித்தாள். பதினாறு வருடத்துக்கு முன் ஒரு பேருந்து விபத்தில் ரோமுலோவின் இடதுகால் தொடையோடு போய்விட்டது. இப்போது இருப்பது பிளாஸ்டிக்கும் இரும்பும். மேலே பஞ்சு உறை, அதற்கு மேலே கால்சட்டை. நடையைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

செவ்வாயன்று வழக்கம்போல் கூட்டம். ரோமுலோ கால்சட்டைக்கு மேலேயே தடிமனாக ஒரு கட்டு கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு காத்திருந்து, கொஞ்சம் நொண்டிக்கொண்டே மேடையேறினார். மைராவும் எர்லிந்தாவும் முன்வரிசையில். நான் அவர்களுக்குப் பின்னால்.

"கட்டை அவுக்கட்டுமா தைத்தா?"

"எதுக்கு? டாக்டருக்குத்தான் படம் புடிக்கணும், தொட்டுப் பாக்கணும். என் குய் கட்டுக்குள்ள இருக்கறதையும் பாக்கும்!"

கூட்டம் ஆகா என்றது. குய் துணிக்குள் போனது. தேய்ப்பு தொடங்கியது.

"பழைய அடி. ரொம்ப வருஷம் ஆச்சு. சரியா?"

"பதினாறு வருஷம், தைத்தா."

"சொன்னேனா! மழை வந்தா தொந்தரவு குடுக்குமே?"

"ஆமா. நனைஞ்சா துருப்பிடிச்சிருமோன்னு பயம்."

தைத்தா ஒரு கணம் தடுமாறினார். பல்பொடி விற்ற வாய் அல்லவா, சமாளித்துவிட்டது. "துருதான்! ரத்தத்துல இரும்பு ஜாஸ்தி. குய் எல்லாத்தையும் இழுக்குது பாருங்க!"

குய் அடங்கியது. கத்தி கீறியது. அறுந்த ஜவ்வைத் தட்டில் வைத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். "எந்திரி, நட!"

ரோமுலோ எழுந்து, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மிடுக்காக நடந்தார். கைதட்டல் தகரத்தைத் தூக்கியது.

"வலி இருக்கா?"

"துளியும் இல்ல, தைத்தா. நேத்தும் இல்ல. போன வருஷமும் இல்ல."

நாற்காலியில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தார். கால்சட்டையைத் தொடைவரை சுருட்டினார். ஒரு பொத்தானை அழுத்தினார். காலைக் கழற்றி, காலணியோடு, மேசையில் குய்யின் பக்கத்தில் நிறுத்தினார்.

"தைத்தா, இதுல ஜவ்வு எங்க இருந்துச்சுன்னு கொஞ்சம் காட்டுங்க. இதைச் செஞ்ச கம்பெனிக்கே தெரியாது."

எங்கேயோ ஓர் ஊன்றுகோல் விழுந்த சத்தம் கேட்டது.

தைத்தாவின் முகம் கிளியிறகைவிடப் பச்சையானது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "கால்தான் போச்சு! காலோட ஆவி இருக்கு! நோய் ஆவியில!"

"அப்படியா? அப்ப ஆவியைக் குணப்படுத்திட்டீங்க. காலை எப்ப முளைக்க வைக்கிறீங்க?"

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பின் நடுவே எர்லிந்தா மேடையேறினாள். தட்டிலிருந்த குய்யின் காலைப் புரட்டிப் பார்த்தாள்.

"நான் முப்பது வருஷமா குய் வளத்து உரிக்கிறவ. இது உறிஞ்சின கிழிசல் இல்ல, திருகின கிழிசல். துணிக்குள்ள நீ காலைத் திருகியிருக்க. இல்லைன்னா இன்னொரு குய்யை எடு. துணி இல்லாம தேய். நாங்க பாக்குறோம்."

"ஆவிங்க கோபப்படும்."

"ஆவிங்க கெடக்கட்டும். நான் கோபப்பட்டா என்ன ஆகும்னு பாக்குறியா?"

யாதிராவும் தன் பங்குக்கு எழுந்தாள். "அத்தை கொண்டுவந்த காலுறை என்னோடது இல்ல. கொடியில தவறா எடுத்தது, என் மாமாவோடது. மாமா இன்னும் நொண்டுறாரு!"

தைத்தா பின்பக்கமாக வெளியேறினார். பத்து வருடத் தவத்தில் ஓட்டப் பயிற்சியும் இருந்திருக்க வேண்டும். கரும்புக்குள் மறைய நிமிடம்கூட ஆகவில்லை. கூட்டம் கலையும்போது என் பக்கத்தில் நின்றவர் மெதுவாகக் கேட்டார்: "முட்டிக்குச் சரிப்படல, சரி. இடுப்புவலிக்கு அவரு எங்க இருப்பாரு?"

வியாழக்கிழமை மைராவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. எர்லிந்தா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். மகள் கண்விழித்ததும், "ஓட்டை போட்டாங்களாடி?" என்று மட்டும் கேட்டாள். போட்டிருந்தார்கள். ஞாயிறு இறுதி ஆட்டத்தில் கோல்காப்பாளர் இல்லாமல் ஐந்து கோல் வாங்கினோம். ஆட்டம் போனது, ஒரு பெண்ணின் முட்டி மிஞ்சியது.

இரண்டு வாரம் கழித்து, மைராவுக்குத் துணையாக இபார்ராவுக்கு, ரோமுலோவின் பயிற்சிக்குப் போயிருந்தேன். மேசைமேல் படுத்து மைரா கண்ணீரோடு முட்டியை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுண்ணே, இன்னிக்குப் போதும்."

"வலிக்கும்தான்," என்றார் ரோமுலோ. "ஆனா அசைக்காம வெச்சா விறைச்சுப்போகும். அப்புறம் யாரு வந்தாலும் மடங்காது."

முட்டியைப் பற்றித்தான் சொன்னார். எனக்கென்னவோ, கொட்டகைக்குப் போய்வந்த எங்கள் எல்லோருடைய கழுத்துக்கு மேலே இருப்பதைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது. அதைக் கடைசியாக எப்போது அசைத்தீர்கள்?