மாமியின் பசுவும் என் தீவனக் கலவையும்

மாமியார் வீட்டில் கெட்டிக்காரனாகக் காட்டிக்கொள்ளும் ஆசை மட்டும் மருமகன்களுக்கு இல்லாவிட்டால் உலகத்தில் பாதி விபத்துகள் நடக்காது. எங்கள் மட்டக்களப்பில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பதுதான் வழமை. ஆகவே அந்த விபத்துகள் எங்களிடம் சற்று அதிகம்.

நாட்டில் சண்டை முடிந்த கையோடு எனக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் மாட்டுத் தீவன வேலை கிடைத்தது. வவுணதீவு வயல்வெளியில், எங்கள் பேச்சில் வட்டையில், மாமியின் துண்டில்தான் என் முதல் பரிசோதனை. அவரையினச் செடிகளையும் புல்லையும் கலந்து விதைத்தால் வறட்சியிலும் மாட்டுக்குத் தீன் இருக்கும். அவரையினம் காற்றிலிருந்து பிடித்துத் தரும் நைதரசன் சத்தைப் புல்லின் வேர் மழையில் கழுவிப்போகாமல் காக்கும். இதையெல்லாம் மூச்சுவிடாமல் விளக்கினேன். மாமி ஓம் ஓம் என்று தலையாட்டினார். (தலையாட்டுவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.)

அவரை செழித்து வந்தது. புல்லைத்தான் காணவில்லை. பிறகு முளைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அவர்கள் முன்னால் பசு ஆவலோடு மேயவேண்டும் என்பதற்காக முதல்நாள் பின்னேரமே அதைப் பட்டினி போட்டுக் கட்டினேன். (எவ்வளவு மூளை, பாருங்கள்.) சுனாமியும் சண்டையும் கொண்டுபோனது போக மிஞ்சியிருந்த ஒற்றைக் காப்பை விற்று மாமி வாங்கிய பசு அது. வீட்டுச் சாப்பாடே அதன் தயிரில்தான் நடந்தது.

காலையில் பனி காயுமுன்பே அவிழ்த்து விட்டேன். பசு மேயவில்லை, அள்ளி விழுங்கியது. நான் பேச்சைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விருந்தினர்கள் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினேன். பசுவின் இடது வயிறு முதுகெலும்புக்கு மேலே எழும்பி நின்றது. என் வாய் நைதரசன், நைதரசன் என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. பசு முழந்தாளிட்டது.

நல்லகாலம், வந்தவர்களில் ஒரு மாட்டு டொக்டர் இருந்தார். அவர் கேட்டபடி மாமி தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தார். அதைப் பசுவின் வாய்க்குள் ஊற்றி, தூக்கி நிறுத்தி நடத்தினோம். டொக்டர் வயலை ஒருமுறை பார்த்தார்.

“இதுக்குள்ள புல்லு எங்க தம்பி? வெறும் அவரை இலையத் திண்டா வயிறு ஊதும்தானே.”

பதில் மாமியிடமிருந்து வந்தது.

“புல்லு விதைய நான் சுளகில புடைச்சி எறிஞ்சிட்டன் ஐயா. நாங்க காலமெல்லாம் வயலுக்குள்ள புல்லுப் புடுங்கிற ஆக்கள். மருமகன் புல்லு விதைக்கிறார் எண்டு வட்டையே சிரிக்கிறதா?”

சொல்லிவிட்டுப் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எனக்காகச் செய்த காரியத்தால் அவருடைய பிழைப்பே போகப்போகிறது என்று பயந்துபோனேன்.

அப்போது பசு ஒரு ஏப்பம் விட்டது. வட்டை முழுக்கக் கேட்டிருக்கும். நுரை டொக்டரின் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது. வயிறு மெல்ல இறங்கியது. விருந்தினர்கள் தங்களை அறியாமல் கைதட்டினார்கள். என் பேச்சுக்கு ஒருவரும் தட்டவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் ஏப்பம் விட்டாலும் எல்லோரும் கைதட்டுவது பழக்கமாகிவிட்டது. சில வருடங்கள் கழித்து, மனைவியின் தங்கையைத் தன் மகனுக்குப் பேசக் கல்குடாவிலிருந்து ஒருவர் வந்தார். கம்பீரமான மனிதர். வயிறாறச் சாப்பிட்டு, கைகழுவி வந்து உட்கார்ந்து, நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். முதலில் கைதட்டியது மாமி.

கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. ஆனால் அந்தச் சம்பந்தி இன்றுவரை எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்கு மேல் எதிலும் வாய்வைப்பதில்லை.