மைக் அங்கிளின் சூடேறாத கார்

மலேசியாவில் கார் ஏர்கோன் குளிரவில்லை என்று புலம்பாதவர் கிடையாது. கார் சூடாகவில்லை என்று புலம்பிய ஒரே மனிதர் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் மைக் அங்கிள்தான். பனி கொட்டும் தேசத்தில் யாருக்கோ வர வேண்டிய கவலை, விலாசம் தவறி இவர் தலையில் வந்து விழுந்துவிட்டது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா எதுவானாலும் மேடை அறிவிப்பாளர் அவர்தான். அவர் மேடையை விட்டு இறங்கிவிடுவார், மைக் அவரை விட்டு இறங்காது. லிஃப்ட் கதவு மூடும்போதுகூட, "அன்பார்ந்த பெருமக்களே, அடுத்ததாக ஏழாம் மாடி" என்பார். உள்ளே அவரும் நானும் மட்டும்தான் இருப்போம்.

அவருடைய கார் ஒரு நீளமான பழைய ஸ்டேஷன் வேகன். குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காகச் செய்தது, எப்படியோ நம் ஊருக்கு வந்து சேர்ந்தது. நீலத்திலிருந்து சிவப்பு வரை திருகும் ஒரு குமிழ் அதில் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அங்கிள் அதைத் தொட்டதே இல்லை. தொட வைத்தது ஆன்டி.

ஆன்டி அவருடைய மனைவி. சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ். ரத்தம் வெளியே போய் இயந்திரத்தைச் சுற்றிவிட்டு வருவதாலோ என்னவோ, முடித்து எழுந்தால் உடம்பு உதறும். வீடு வந்து சேரும்வரை பல் கிடுகிடுக்கும். சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். கார் கண்ணாடியில் ஆவி படிந்து சாலை மறையும். ஏர்கோனைப் போட்டால் சாலை தெரியும், ஆன்டி நடுங்குவார். அணைத்தால் ஆன்டி கொஞ்சம் தேறுவார், சாலை தெரியாது.

"போர்வை போதுங்க. விடுங்க" என்பார் ஆன்டி.

"போர்வை உள்ள இருக்கிற சூட்டைத்தான் காப்பாத்தும். உனக்கு உள்ளயே சூடு இல்லையே, அது எதைக் காப்பாத்தும்?"

அப்படித்தான் ஒருநாள் குமிழைச் சிவப்புக்குத் திருகினார். காற்று வந்தது. சூடு வரவில்லை. அலுத்துப்போன மனிதர் விடுகிற பெருமூச்சு மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

பூச்சோங்கில் ஒரு பட்டறைக்குப் போனார். அங்கிருந்த போமன் சிரித்துச் சிரித்து ஸ்பேனரைக் கீழே போட்டான். நம் ஊரில் மெக்கானிக்கைப் போமன் என்போம். "அங்கிள், சூடு வேணுமா? கண்ணாடிய இறக்குங்க லா. ஃப்ரீயா வரும்" என்றான். பந்திங்கில் இன்னொரு போமன் கொஞ்சம் மரியாதைக்காரர். "போஸ், ஹீட்டர் ரிப்பேருக்கு ஒரு கார் வந்து நான் பாத்ததே இல்ல" என்று சொல்லி, பட்டறையில் இருந்த எல்லாரையும் அழைத்து வந்து குமிழைக் காட்டினார். அவர்களும் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அங்கிள் கோபத்தோடு திரும்பி வந்து, தானே பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தார். உதவிக்கு என்னைப் பிடித்தார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். வீட்டில் இருப்பவனுக்கு வேலை இல்லை என்பது அவர் கணக்கு.

முதலில் அடைப்பு பார்த்தோம். இஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் ஒரு குழாய் வழியாக ஹீட்டருக்குள் போய், இன்னொன்றின் வழியாகத் திரும்பும். போகிற குழாய் சூடாகவும், வருகிற குழாய் ஜில்லென்றும் இருந்தால் உள்ளே அடைப்பு. எங்கள் காரில் அப்படித்தான் இருந்தது. இஞ்சின் ஆறியதும் குழாய்களைக் கழற்றி, கார் கழுவும் ஹோஸைச் செருகி, "இதோ, தண்ணீர் திறப்பு விழா!" என்று அறிவித்து என்னைத் திருகச் சொன்னார். கோப்பி நிறத்தில் பீறிட்டது. எதிரே நின்ற காவலாளியின் புதுச் சப்பாத்து அன்றோடு பழசானது. அவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

அடைப்பு போயிற்று. இப்போது இரண்டு குழாயும் ஒரே மாதிரி இருந்தன, இரண்டுமே வெதுவெதுப்பு.

அடுத்து, உள்ளே காற்று சிக்கியிருக்கும் என்றார். அதை வெளியேற்ற காரின் மூக்கு மேலே தூக்கி நிற்க வேண்டுமாம். கார் நிறுத்துமிடத்துக்கு ஏறும் சரிவில், எல்லாரும் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து நிறுத்தினார். ஆறிய இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியை முடுக்கினார். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. பின்னால் வரிசையாக நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. "தங்கள் கரவொலிக்கு நன்றி" என்று அவர் கும்பிட்டார். வரிசையில் இருந்தவர்கள் கும்பிடவில்லை. அவர்கள் சொன்னதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

பலன் தெரிய வேண்டுமே! நம் ஊர் வெயிலில் எந்தக் காற்றும் சூடாகத்தான் படும். அதற்கும் அங்கிளிடம் வழி இருந்தது. இளநீர்க் கடை ஐஸ் பெட்டிக்குள் என் கையை விடச் சொன்னார். கை மரத்ததும் இழுத்துக்கொண்டு போய் ஹீட்டர் முன் நீட்டச் சொன்னார்.

"எப்படி இருக்கு தம்பி?"

"கை இருக்கான்னே தெரியல அங்கிள்."

கை தேறி நான் பதில் சொல்லும்போது அவர் முகம் வாடிவிட்டது. ஹீட்டரிலிருந்து வந்தது அதே பெருமூச்சுதான். அன்று மாலை ஆன்டியை அழைத்துவரக் கிளம்பும்போது அவர் வாயிலிருந்து ஓர் அறிவிப்பும் வரவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. கூடவே போனேன்.

திரும்பும் வழியில் ஃபெடரல் ஹைவேயில் ஜாம். முன்சீட்டில் போர்வைக்குள்ளிருந்து ஆன்டி, "அப்பாடா, ஜாம்" என்றார்.

ஃபெடரல் ஹைவே ஜாமுக்கு நன்றி சொன்ன ஒரே ஜீவன் அவராகத்தான் இருக்கும். ஏன் என்று கேட்டேன்.

"நின்னா கொஞ்சம் கதகதன்னு வரும் தம்பி. ஓட ஆரம்பிச்சா போயிரும். அந்த முள்ளப் பாரு, அதுவும் அப்படித்தான். நின்னா ஏறுது, ஓடினா படுத்துக்குது. எனக்கு இருக்கிற குளிர் இந்தக் காருக்கும் இருக்கு. உங்க அங்கிள் எங்க ரெண்டு பேரையும் கவனிக்கிறதில்ல."

அங்கிள் முள்ளைப் பார்த்தார். இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அது. பாதியில் நிற்க வேண்டியது, வாங்கிய நாளாக ஓடும்போதெல்லாம் அடியிலேயே கிடக்கிறது. 'நம்ம வண்டி என்னைக்கும் கூல்' என்று ஊரெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தவர் அவர்.

மறுநாள் நேராகக் கிள்ளான் போமனிடம் போனோம். காரை ஆரம்பம் முதல் கவனித்து வருபவர் அவர்தான்; அவரிடம் குறை சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அங்கிள் வேறு பட்டறைகளுக்குப் போயிருந்தார். பட்டறைச் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. அங்கிளின் மணிவிழா மேடையில், 'வெயிலிலும் கொதிக்காத வண்டியைத் தந்த வள்ளல்' என்று அறிவித்து, அங்கிளே அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார். முள் ஏறாததைச் சொல்லி, தெர்மோஸ்டாட் கெட்டிருக்குமோ என்று அங்கிள் கேட்டார். அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் போமன் உண்மையைச் சொன்னார்.

"தெர்மோஸ்டாட்டா? அத நான் கழட்டி எத்தனையோ வருஷம் ஆச்சேண்ணே!"

தெர்மோஸ்டாட் ஒரு சின்னக் கதவு. தண்ணீர் நன்றாகச் சூடேறும்வரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் பிடித்து வைக்கும். அது இல்லாவிட்டால், ஓடுகிற வண்டியில் தண்ணீர் சூடேறவே நேரமிருக்காது.

"ஏன்யா கழட்டின?"

"நம்ம ஊரு சூட்டுக்கு அது எதுக்குண்ணே? பழைய கார் எது வந்தாலும் மொத வேலையா கழட்டி வீசிருவேன். ஒரு நல்லதுக்குத்தான். நீங்ககூட பொன்னாடை போத்தினீங்களே!"

அங்கிள் படத்தையும் போமனையும் மாறி மாறிப் பார்த்தார். பொன்னாடையைத் திருப்பிக் கேட்பாரோ என்று பயந்தேன். "புதுசு ஒன்னு மாட்டு. எங்க வீட்ல குளிர்ல நடுங்கறா" என்றார். போமன் கையில் இருந்த வேறொரு காரை அப்படியே விட்டுவிட்டு, உதிரிச் சாமான் கடைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்தார்.

அடுத்த டயாலிசிஸ் நாள் மழை கொட்டியது. பின்சீட்டில் நான், சாட்சிக்கு. கிள்ளான் தாண்டுவதற்குள் முள் பாதிக்கு ஏறி அங்கேயே நின்றது. அங்கிள் குமிழைச் சிவப்புக்குத் திருகினார். கண்ணாடி பளிச்சென்று தெளிந்தது. அடித்த காற்றில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அங்கிளின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை ஸ்டீயரிங்கில் சொட்டியது. இட்லிப் பானைக்குள் உட்கார்ந்து வருகிறோமோ என்று நினைத்தேன். ஆன்டியின் பல் கிடுகிடுப்பு நின்று, தலை சாய்ந்தது.

ஜாமில் மழைக்கோட்டு போட்ட ஒரு மோட்டார்காரன் எங்களை எட்டிப் பார்த்து, பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டினான்.

"அங்கிள், ஏர்கோன் ரோசாக்கா?"

ரோசாக் என்றால் பழுது. அங்கிள் கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கி, நான் அவரிடம் கேட்டே இராத சின்னக் குரலில், "இல்ல தம்பி, இப்பத்தான் சரியாச்சு" என்றார்.

அந்தச் சத்தத்தில் ஆன்டி கண் திறந்தார். போர்வையைத் தள்ளினார்.

"யப்பா, வேகுது. கொஞ்சம் குறைங்க."

அங்கிளின் கை குமிழுக்குப் போகவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

"என்னத்த?"

"வேகுதுன்னு."

"வேகுது. போதுமா? இந்த மனுசனுக்கு என்ன ஆச்சு தம்பி?"

அந்தப் பழைய கார், அந்த வியர்வை, அந்த மனிதர், எல்லாவற்றையும் அந்த நிமிடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நீங்களும் அந்தப் பக்கம் போகலாம். மழை நேரத்தில் ஒரு நீளமான பழைய கார், கண்ணாடியெல்லாம் ஏற்றி, உள்ளே ஒரு பெரியவர் தோளில் துண்டோடு வியர்த்து விறுவிறுத்து ஓட்டிக்கொண்டு போனால், தயவுசெய்து தட்டாதீர்கள். பக்கத்துச் சீட்டில் ஆன்டி தூங்கிக்கொண்டிருப்பார்.