சூரியக்காற்றும் அயர்ன் செக்சனும்

சூரிய மண்டலத்தைக் காப்பதில் சூரியனுக்கு அடுத்த இடம் வேலம்பாளையம் பனியன் கம்பெனி முதலாளி செந்தில்வேலுக்கே உரியது. அந்த மகத்தான பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்ட திங்கட்கிழமை, அயர்ன் செக்சனில் முத்துப்பேச்சி நீராவிக்கு நடுவே வெந்துகொண்டிருந்தாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அங்கிருந்த ஒரே எக்ஸாஸ்ட் ஃபேன் சித்திரையில் நின்றது; இப்போது ஆனி. அவள் கொடுத்த மூன்று மனுக்களும் 'பரிசீலனையில்' இருந்தன.

விண்வெளிப் படம் போட்ட டி-சர்ட்டுக்கு வெளிநாட்டு பையர் ஒருவர் ஆர்டர் தந்திருந்தார். அந்தப் படம் என்னவென்று பார்க்கப்போய் முதலாளிக்கு ஞானம் பிறந்தது. உடனே 'சூரியக்காற்று விழிப்புணர்வுக் குழு' உதயமாயிற்று. தொழிலாளர் பிரதிநிதியாக முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார்கள். கூட்டம் ஏசி அறையில் என்றதும் அவளும் மறுக்கவில்லை.

சூரியனிலிருந்து எல்லாத் திசையிலும் ஓயாமல் மின்துகள்கள் காற்றாக வீசுகின்றன, அந்தக் காற்று கிரகங்களை எல்லாம் தாண்டிப்போய் நம்மைச் சுற்றி ஒரு பெருங்குமிழியை ஊதி வைத்திருக்கிறது, வெளியிலிருந்து வரும் பொல்லாத கதிர்களில் பெரும்பகுதியை அந்தக் குமிழிதான் தடுக்கிறது என்று முதலாளி உருக்கமாக விளக்கினார்.

"அந்தக் காத்து எம்புட்டுத் தூரம் போவும் மொதலாளி?"

"ஆயிரத்தெண்ணூறு கோடி கிலோமீட்டருங்க."

முத்துப்பேச்சி கொஞ்சம் யோசித்தாள். "இந்த ரூமுலருந்து அயர்ன் செக்சன் அறுவது அடிதான் மொதலாளி."

'உறுப்பினர் தூர அளவுகளில் ஆர்வம் காட்டினார்' என்று மேனேஜர் சசிகுமார் மினிட்ஸில் பதிந்துகொண்டார்.

காற்று குறைந்தால் என்ன ஆகும் என்றும் அவள் கேட்டாள். குமிழி சுருங்கும், உள்ளே இருப்பவர்கள் பாடு திண்டாட்டம் என்றார் முதலாளி. அதை அவள் முழு மனதோடு ஒப்புக்கொண்டாள். சூரியனுக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவளுக்குத் தங்கநிற பார்டர் போட்ட கெட்டி அட்டையில் 'சூரியக்காற்றுத் தூதர்' சான்றிதழ் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மதியம், பக்கத்து டேபிள் ஜோதிகா இஸ்திரி போட்டுக்கொண்டே மயங்கிச் சரிந்தாள். முத்துப்பேச்சி அவளை மடியில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, கைக்கு அகப்பட்ட சான்றிதழால் விசிறத் தொடங்கினாள். ஜோதிகா மெல்லக் கண் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி பையரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சான்றிதழைக் கண்டதும் முதலாளியின் முகம் மலர்ந்தது.

"எங்க தூதருங்க. சர்ட்டிபிகேட்ட எப்பவும் கூடவே வெச்சிருக்காங்க பாருங்க."

முத்துப்பேச்சி விசிறுவதை நிறுத்தவில்லை.

"இந்தக் கம்பெனில எங்களுக்குக் காத்து தந்தது இது ஒண்ணுதான் மொதலாளி. டேபிளுக்கு ஒண்ணு குடுங்க."