குன்றைக் காத்த நில அளவையர்

முன்னறையில் ஓரங்குலத்தையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஓய்வுபெற்ற நில அளவையர் சூளுரைத்தார். சூளுரைத்த இடம் குளியலறை. கதவு உட்புறம் தாழிடப்பட்டிருந்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர் அவர். சொந்த வீட்டில் அவர் ஆட்சிக்கு எஞ்சியிருந்தது அந்த முன்னறை ஒன்றுதான். அதன் மேற்குச் சன்னலோரம், பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலியில் கிடந்தபடி தொலைக்காட்சியில் போர்ப்படங்கள் பார்ப்பார். அந்தச் சன்னல் வெளிச்சத்துக்காக மூன்றாண்டுகளாக மன்றாடி வந்தார் அவர் மனைவி. அம்மையாரின் தையல் இயந்திரம் சமையலறை மூலையில், மங்கிய விளக்கின்கீழ் இருந்தது. அங்கே ஊசியில் நூல் கோப்பதற்குள் அடுப்பில் ஏதாவது தீய்ந்துவிடும்.

மறுநாள் நூலகத்தில் ஒரு போர்ப்படம் பற்றி அளவையர் பேசவேண்டும். ஒத்திகைக்கு ஓர் அவை தேவைப்பட்டது. அம்மையாரை முக்காலியில் அமர்த்தினார்.

“பழைய படத்துல கொடி பறக்கும், பாட்டு வரும். இதுல அதெல்லாம் கிடையாது. பன்னிரண்டு சிப்பாய்ங்க நாற்பது நாள் ஒரு குன்றைக் காக்கிறாங்க. ஒரு எதிரியைக்கூடக் கண்ணால பார்க்கலை.”

“அப்போ யாரைச் சுடுறாங்க?”

“ஒரு ஆட்டை. தப்பா நினைச்சு.”

“அடப்பாவமே! உத்தரவு போட்டவரு எங்கே?”

“இருநூறு மைல் தள்ளி, ஏசி அறையில. கடைசியில வயர்லெஸ்ல சொல்றாங்க, சண்டை போன மாசமே வேற பக்கம் போயிடுச்சுன்னு. இவங்ககிட்ட யாரும் சொல்லலை. தலைவன் பூட்ஸைக் கழட்டி, உள்ள இருந்த தண்ணியைக் கொட்டிட்டு, பேசாம உட்கார்ந்திருக்கான். படம் முடிஞ்சுது. இந்தக் காலத்துப் போர்ல வீரத்துக்கு வேலையே இல்லை. எதைக் காக்கிறோம்னு தெரியாமலே காக்கணும்.”

அம்மையாரின் கண்கள் கலங்கின. “பாவம், அந்தப் பிள்ளைங்க.” பிறகு கேட்டார்: “எதிரி எந்த வழியாப் போனான்?”

“கீழே, ரோடு வழியா.”

“குன்றைத் தொடவே இல்லையா?”

“எதுக்குத் தொடணும்? அவங்களை அங்கேயே உட்கார வெச்சாப் போதுமே!”

“ஓஹோ,” என்றார் அம்மையார்.

அந்த ‘ஓஹோ’வின் நீளத்தை அளக்க அளவையர் தவறினார்.

சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து குரல் வந்தது. “என்னங்க, உங்க நாற்காலியில பிரம்பு பிஞ்சிருக்கே. தச்சர் வர்றாரு. எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணித் தருவாராம்.”

அளவையரின் மூளையில் மின்னல் வெட்டியது. நாற்காலி போனால் அறையும் போயிற்று! “என் நாற்காலியை எவனும் தொடக்கூடாது!” என்று முழங்கி, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். குடையை விரித்தார். அமர்ந்தார். மாடிப்படியின்மீது விழி வைத்தார்.

பத்து மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. “தச்சர் பன்னிரண்டுக்குத்தான் வருவாராம்.”

“வரட்டும்! நான் இறங்கமாட்டேன்.”

பன்னிரண்டு மணிக்கு மீண்டும். “மூணு ஆகுமாம். சாப்பாட்டை மேலேயே அனுப்பவா?”

பக்கத்து வீட்டு நர்ஸ் தட்டோடு வந்தார். உடலெல்லாம் வியர்வை, தலைமுடியில் ஒட்டடை.

“என்னம்மா இப்படி மூச்சு வாங்குது?”

“மாடிப்படி, சார்.”

அளவையர் நம்பினார்.

வெயில் குடையை மதிக்கவில்லை. ஒரே ஒரு காகம் படையெடுத்து வந்தது. அதைப் பெருவீரத்தோடு விரட்டினார். ஐந்து மணிக்குக் கடைசித் தகவல் வந்தது. “தச்சர் இன்னிக்கு வரலையாம்.”

“பயந்துட்டான்!”

நாற்காலியை மகுடமாகத் தரித்து வெற்றியோடு இறங்கினார். முன்னறை வாசலில் நாற்காலியின் கால் எதிலோ இடித்தது. துணி வெட்டும் மேசை. அதற்கப்பால், சன்னலடியில், தையல் இயந்திரம். மாலை வெயிலில் அம்மையார் முதல் முயற்சியிலேயே ஊசியில் நூல் கோத்தார். அளவையரின் தொலைக்காட்சியோ சமையலறை மூலையில், மங்கிய விளக்கின்கீழ், அவரை எதிர்நோக்கியிருந்தது.

“இது எப்போ?”

“நீங்க மேலே போனதுமே ஆரம்பிச்சோம். நர்ஸம்மாதான் ஒரு கை பிடிச்சாங்க.”

“எங்கிட்ட யாரும் சொல்லலையே!”

“குன்றைக் காக்கிறவங்ககிட்ட யாரும் சொல்லமாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அப்போ அந்தத் தச்சர்?”

“எந்தத் தச்சர்?”

அளவையர் செருப்பைக் கழற்றினார், பேசாமல் அமர்ந்தார்.

மறுநாள் நூலகத்தில், காவலிருந்தவன் ஏமாந்த கதையைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. கேட்டவர்கள் உருகினார்கள். முன்வரிசையில், கழுத்தில் அளவுநாடாவோடு அவசரமாக வந்திருந்த அம்மையாரும் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

நூலகர் எழுந்தார். “ஐயா, நேர்ல பட்டவரு மாதிரியே சொல்றீங்க. நீங்க எந்தப் போர்முனையில இருந்தீங்க?”

அளவையர் முன்வரிசையை ஒருமுறை பார்த்தார்.

“மொட்டைமாடியில.”