போட் நானாவின் பூ வீடு

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை வீடு வீடாகத் தேடினாலும், கானாங்கோழியின் தூக்கம் கெட்டுவிடும் என்று இருமலை அடக்கி அடக்கி, ஒரு தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்க் கிடந்த மனிதர் போட் நானா ஒருவர்தான்.

சொந்தப் பெயர் எனக்கும் தெரியாது. மனைவி மௌத்தான பிறகு வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, மதுரங்குளிக்கு மேற்கே ஒல்லாந்தர் வெட்டிய பழைய கால்வாயில் தகரக் கூரை போட்ட ஒரு மர வள்ளத்தில் ஏறியவர், பிறகு இறங்கவே இல்லை. வள்ளமும் நகரவில்லை. ஓட்டினால் தண்ணீர் கலங்குமாம், கரையோரப் பூவெல்லாம் பயந்துவிடுமாம்.

நான் சந்தியில் இரும்புக்கடையில் நிற்பவன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவரைப் பார்க்கப் போனால் ஒரு கோப்பை பிளேன்டி கிடைக்காது, அறிக்கைதான் கிடைக்கும்.

"தம்பி, நீர்முள்ளி மூணு பூத்திருக்கு. கண்டல் மரத்துல மீன்கொத்தி வந்திருக்கார். மெதுவாக் குந்து. வள்ளம் ஆடினா அவருக்குப் பிடிக்காது."

மீன்கொத்திக்கு 'அவர்', எனக்குக் 'குந்து'.

என் தங்கச்சியின் கலியாணத்தில், ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி ஐந்து பேர் குந்திக்கொண்டு, ஆறாவது ஆளான அவருக்காகக் காத்திருந்தோம். சோறு ஆறிக்கொண்டே போனது. போன் எடுத்தேன்.

"கரைக்குப் போட்ட பலகையில கொக்கு நிக்குது தம்பி. அது போகாம நான் எப்பிடி வாற?"

கொக்கு அஸர் தொழுகை வரைக்கும் நின்றது.

இந்த வருடம் கால்வாயைத் துப்பரவு செய்ய மண் அள்ளும் பெக்கோ வருகிறது, கரையில் உள்ள புதர், வள்ளம் எல்லாம் போக வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. வள்ளத்துக்குப் பக்கத்து நீர்முள்ளிப் புதருக்குள் அப்போது ஒரு கானாங்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நானாவுக்கு வள்ளம் போனால் போகட்டும். குஞ்சு பொரிக்கும் வரை தவணை வேண்டும். "ரெண்டு கிழமை தந்தாப் போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பார்வையிட வந்தவர் ஒரு சிங்கள அதிகாரி, நல்ல மனிதர். மொழிபெயர்க்கப் போன என்னைத் தள்ளிவிட்டு நானாவே பேசினார். சிங்களத்தில் 'மல்' என்றால் பூ, 'கெதர' என்றால் வீடு. 'இது என் பூ வீடு' என்று சொல்ல வந்தவர், மல்லோடு நிற்காமல் நம் ஆட்களின் வழக்கப்படி 'மலகெதர' என்று இழுத்துவிட்டார். அதற்கு மையித்து வீடு, அதாவது சாவு விழுந்த வீடு என்று அர்த்தம். போதாததற்குக் கண்ணும் கலங்கியிருந்தது.

அதிகாரி தொப்பியைக் கழற்றினார். ஏழாம் நாள் கழியும் வரை பெக்கோ இந்தப் பக்கம் வராது என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு விளங்கியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏழு முடிந்ததும் நாற்பதாம் நாள் கத்தம் ஓத வேண்டும் என்று இழுத்துவிடலாம் என்று உள்ளுக்குள் திட்டமே போட்டுவிட்டேன்.

நாலாம் நாள் அந்த அதிகாரி சீனி, தேயிலை, பிஸ்கட்டோடு துக்கம் விசாரிக்க வந்து நின்றார்.

"இவரு ஏன் சீனி கொண்டுவாறாரு?" என்றார் நானா. காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன்.

"யாரும் மௌத்தாகாம மையித்து வீடா? அது பொய்தானே தம்பி."

"நீங்க பொய் சொல்லல்ல நானா, வாய் தவறிச்சு. பேசாம இருங்க. முட்டைக்கு இன்னும் பத்து நாள் வேணும்."

"தெரிஞ்ச பொறகு பேசாம இருந்தா அதுவும் பொய்தான்."

சீனியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு பூவாகக் காட்டி "மல், மல், மல்" என்று விளக்கினார். இந்தத் தடவை உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை. அதிகாரி தொப்பியை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். மறுநாள் காலையில் பெக்கோ வந்துவிட்டது.

எனக்கு நானா மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மருமகன் த்ரீவீலரில் வந்து அவரைக் கற்பிட்டிக்கு ஏற்றினார். ஏறும்போதும் என்னிடம், "அந்தப் புதரைக் கடைசியா எடுக்கச் சொல்லு. நீ பக்கத்துலயே நில்லு" என்றார்.

நின்றேன். டிரைவரிடம் சொன்னேன், அவரும் தலையாட்டினார். இரண்டாவது அள்ளலிலேயே புதர் போய்விட்டது. தாய்க்கோழி கரையில் அங்குமிங்கும் ஓடிக் கத்தியது. சேற்றில் கால் புதைய நின்று அழுதேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

இப்போது நானா மகளின் மாடி அறையில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில். வெள்ளிக்கிழமைகளில் போன் வரும்.

"பொரிச்சிட்டா தம்பி?" என்றார் முதல் தடவை.

"ஓம் நானா. அஞ்சு குஞ்சு."

"கிட்டப் போயிடாத. தாய் பயந்திடும்."

"இல்ல நானா, தூரத்துல இருந்துதான் பார்க்கிறன்."

போன கிழமை அவை நீந்தப் பழகிவிட்டன என்று சொன்னேன். வெள்ளிக்கு வெள்ளி அந்த ஐந்து குஞ்சுகளையும் நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.