குல்லா போட்ட துரோகி

ஒரு காட்டில் பிடரிவர்மன் என்றொரு சிங்கராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வேட்டைக்கு ராணி போவாள். ராஜா சாப்பிடுவார், தூங்குவார், எழுந்ததும் கொஞ்சம் சந்தேகப்படுவார்.

சந்தேகத்தைக் கவனிக்க ஒற்றர் துறை இருந்தது. அதற்குத் தலைவர் நரியார். ராஜாவின் தாத்தா போட்ட சட்டம் ஒன்று உண்டு: ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் ஒரே ஆளைக் காட்டிக்கொடுத்தால் அவன் துரோகி. விசாரணை, மேல்முறையீடு எதுவும் கிடையாது. காட்டை விட்டு ஓட வேண்டியதுதான்.

நரியார் தினமும் காலையில் வந்து, “ஜனங்க உங்களைப் புகழ்ந்து தள்றாங்க மகாராஜா” என்பார். தினமும் இதையே கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பயந்துபோன ராஜா, முன்னோர் வழக்கப்படி மாறுவேடத்தில் நகர்வலம் போக முடிவுசெய்தார். பிடரியைக் குரங்குக் குல்லாவுக்குள் திணித்து, சால்வை போர்த்திக்கொண்டு, நரியாரிடம் சொல்லாமல் கரடியின் டீக்கடைக்குப் போனார்.

கடையில் நல்ல கூட்டம். ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்று பலகை தொங்கியது. மழையைப் பற்றிக்கூட யோசித்துத்தான் பேசினார்கள்.

ராஜா தொண்டையைக் கனைத்தார். “நம்ம ராஜா எப்படி?”

“தங்கமானவருங்க” என்ற முயல், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தது.

“என்னத்தத் தங்கம்?” என்று ராஜாவே ஆரம்பித்தார். “பொண்டாட்டி அடிச்சுக் கொண்டாந்து போட்டாத்தான் அந்தாளுக்குச் சோறு! கர்ஜனை இருமல் மாதிரி வருது. இடி இடிச்சா ராணி கையைப் பிடிச்சுக்குவார், தெரியுமா?”

சொல்லச் சொல்ல ராஜாவுக்கு மனசு லேசானது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. சந்தோஷத்தில் இன்னொரு டீ சொன்னார்.

கடை காலியானது. ஓணான், கீரி, மரங்கொத்தி மட்டும் தனித்தனியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. நம் பேச்சையும் காது கொடுத்துக் கேட்கிறார்களே என்று ராஜா நெகிழ்ந்தே போனார். அவர் கிளம்பியதும் மூன்றும் ஆளுக்கொரு புதருக்குப் பின்னால் போய் நரியாருக்கு போன் போட்டன.

ராஜா குகைக்கு வந்து உட்காருவதற்குள் நரியார் வந்துவிட்டார்.

“துரோகி ஒருத்தன் சிக்கிட்டான் மகாராஜா. மூணு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க.”

“யாரவன்?”

“குரங்குக் குல்லா போட்டவன்” என்று நரியார் ராஜாவின் தலையைப் பார்த்தார். அவசரத்தில் ராஜா குல்லாவைக் கழற்ற மறந்திருந்தார்.

“யோவ், அது நான்தான்யா! சும்மா வேவு பார்க்கப் போனேன்.”

“இருக்கலாம். ஆனா உங்க தாத்தா சட்டத்துல ‘சும்மா’ன்னு ஒண்ணு இல்லையே. அந்த இடி விஷயம் வேற இருக்கு.”

ராஜாவுக்குக் கண் கலங்கியது. “காட்டை விட்டு எங்கேய்யா போவேன்? எனக்கு வேட்டைகூடத் தெரியாதே.”

“எதுக்குப் போகணும்? இங்கேயே இருங்க. நான் சொல்றப்போ கர்ஜிங்க, போதும். குல்லாவை மட்டும் குடுங்க, பத்திரமா வெச்சுக்கிறேன்.”

ராஜா குல்லாவைக் கழற்றிக் கொடுத்தார்.

அன்று முதல் அந்தக் காட்டில் கர்ஜனை வேளாவேளைக்குக் கேட்கிறது. டீக்கடையில் இப்போது மழையைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. பலகைக்கு வேலையில்லாததால் கரடி அதை அடுப்பில் போட்டுவிட்டது.

நீதி: அரசனைத் திட்டும் உரிமை அரசனுக்கும் கிடையாது. அவ்வளவு ஆசையாக இருந்தால் வீட்டிலேயே டீ போட்டுக்கொள்ளவும்.